பட்டாளத்து ஓ.பி. சீட்டு



உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வாசலில் ஓ.பி. சீட்டு கொடுக்கிறார்கள். டாக்டர் நாடி பார்க்கிறார். சீட்டில் எழுதுகிறார். மருந்து வாங்கியதும் வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சீட்டு எங்கே போகிறது? சில வீடுகளில் அது கூரை இடுக்கில் செருகிக் கிடக்கும். சில வீடுகளில் அதன் பின்பக்கம் மளிகைக் கணக்கு ஏறும். சில வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்க உதவும்.

அந்தச் சீட்டின் மதிப்பு அவ்வளவுதானா? இதைத் தெரிந்துகொள்ளப் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே ஓ.பி. சீட்டைத் தங்கம் போலக் காத்தார்கள். காக்கத் தவறிய போது பல குடும்பங்கள் தவித்தன. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

பட்டாளத்துக்காரருக்கு ஏன் தனிக் கோப்பு?

ஓ.பி. என்றால் வெளிநோயாளி. அதாவது, கட்டிலில் சேராமல், டாக்டரைப் பார்த்து விட்டு அன்றே திரும்பிப் போகிறவர்.

ஒரு விவசாயி ஆயுள் முழுவதும் ஒரே ஊரில் இருக்கலாம். ஊர் டாக்டருக்கு அவரைத் தெரியும். அவர் அப்பாவையும் தெரியும். "உனக்குத்தான் அந்த ஊசி ஒத்துக்கொள்ளாதே" என்று டாக்டரே சொல்லி விடுவார்.

பட்டாளத்துக்காரர் அப்படி இல்லை. இன்று பனிமலை. சில ஆண்டுகள் கழித்துப் பாலைவனம். பிறகு கடற்கரை. போகும் இடமெல்லாம் புது டாக்டர். அந்த டாக்டருக்கு இவர் யார் என்று தெரியாது. இவர் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது இவருடைய மருத்துவக் கோப்பு.

ஒருவருக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது என்று வைத்துக்கொள்வோம். அவர் மயங்கிக் கிடக்கிறார். அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது. கோப்பின் மேல் அட்டையில் அது எழுதியிருந்தால் உயிர் பிழைப்பார். எழுதாமல் விட்டால் உயிரே போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டாள வேலையில் உடம்பு பலவிதமாகக் கெடும். பீரங்கிச் சத்தத்தால் காது மந்தமாகும். பாரம் சுமந்து முதுகு தேயும். அன்று சின்ன வலியாக இருந்தது, இருபது ஆண்டு கழித்துப் பெரிய நோயாக வரும். அப்போது அவர் ஊனப் பென்ஷன் கேட்பார். அதிகாரி கேட்பார்: "இது பட்டாளத்தில் இருந்த போது வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?"

ஆதாரம் அந்தப் பழைய ஓ.பி. சீட்டுதான்.

பத்தாயிரத்தில் ஒன்றைத் தேடுவது எப்படி?

அமெரிக்க நாட்டுப் பட்டாளத்தில் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கணினி வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் அந்த முறையில்தான் வேலை நடந்தது. எண் படிக்கத் தெரிந்த யாரும் அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு மருத்துவ நிலையத்தில் 10,000 கோப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிப்பாய் காய்ச்சலோடு வந்து நிற்கிறார். அவர் கோப்பை உடனே எடுக்க வேண்டும். பெயரை வைத்துத் தேடலாமா? ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். குழப்பம் வரும்.

அதனால் எண்ணை வைத்துத் தேடினார்கள். அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் சமூகப் பாதுகாப்பு எண் என்று ஒன்று உண்டு. அதில் 9 இலக்கங்கள். அந்த எண்ணைக் கோப்பின் மேல் எழுதினார்கள். ஆனால் அலமாரியில் அடுக்கும் போது எண்ணை முன்னாலிருந்து படிக்கவில்லை. பின்னாலிருந்து படித்தார்கள்.

ஏன் அப்படி? அந்த நாளில் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் ஊரைப் பொறுத்து அமைந்தன. ஒரே வட்டாரத்துக்காரர்களுக்கு எண் ஒரே மாதிரி தொடங்கும். முன்னாலிருந்து அடுக்கினால் ஒரு தட்டு பிதுங்கி வழியும். இன்னொரு தட்டு காலியாகக் கிடக்கும். கடைசி இலக்கங்கள் அப்படி இல்லை. அவை எல்லோருக்கும் கலந்து வரும்.

கடைசி இரண்டு இலக்கங்கள் 00 முதல் 99 வரை இருக்கும். ஆகவே அலமாரியை 100 பகுதிகளாகப் பிரித்தார்கள். 10,000 கோப்புகளை 100 பகுதிகளில் வைத்தால், ஒரு பகுதிக்குச் சுமார் 100 கோப்புகள் வரும்.

சிப்பாயின் எண் 4572 என்று முடிகிறது. எழுத்தர் முதலில் 72-ஆம் பகுதிக்குப் போவார். அங்கே சுமார் 100 கோப்புகள். அவை அதற்கு முந்திய இரண்டு இலக்கங்களின் வரிசையில் நிற்கும். அதாவது 45. அந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ கோப்புகள்தான் இருக்கும்.

பார்த்தீர்களா? இரண்டு முறை பார்த்தால் போதும். பத்தாயிரத்தில் ஒன்று கைக்கு வந்து விடும்.

நிறமும் உதவி செய்தது. கோப்பு அட்டைகளுக்குப் பத்து நிறங்கள் வைத்தார்கள். 70 முதல் 79 வரை ஒரு நிறம். 80 முதல் 89 வரை வேறு நிறம். ஒரு கோப்பை இடம் மாற்றி வைத்து விட்டால், வெள்ளை ஆட்டு மந்தையில் கறுப்பு ஆடு போல அது தனியாகத் தெரியும்.

குடும்பத்தாருக்கும் வழி செய்தார்கள். மனைவி, குழந்தைகளின் கோப்பிலும் சிப்பாயின் எண்ணையே எழுதினார்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு இலக்கங்கள் சேர்த்தார்கள். சிப்பாய்க்கு 20. மனைவிக்கு 30. மூத்த பிள்ளைக்கு 01. அடுத்த பிள்ளைக்கு 02. இதனால் அண்ணனுடைய மருந்து தம்பிக்குப் போகாது. குடும்பத்தின் கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கும்.

அட்டை வைக்காமல் கோப்பை எடுக்காதே

கோப்பை அடுக்கி வைத்தால் மட்டும் போதாது. எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும். பதிவறையின் பெரிய தலைவலியே இதுதான்.

காது டாக்டர் ஒரு கோப்பை வாங்குகிறார். அவர் அறையிலிருந்து அது எலும்பு டாக்டரிடம் போகிறது. அங்கே மேசை இழுப்பறையில் தங்கி விடுகிறது. மறுநாள் நோயாளி வருகிறார். பதிவறையில் கோப்பு இல்லை. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இதைத் தடுக்க ஒரு விதி இருந்தது. கோப்பை எடுத்தால், அது இருந்த இடத்தில் ஓர் அட்டையை வைக்க வேண்டும். அந்த அட்டையில் மூன்று செய்திகள் இருக்கும். யார் கோப்பு? யாரிடம் போயிருக்கிறது? எந்தத் தேதியில் போனது? கோப்பு திரும்பி வந்ததும் அட்டையை எடுத்து விடுவார்கள். கடன் கொடுத்தவர் நோட்டில் எழுதி வைப்பது போலத்தான் இதுவும்.

இன்னொரு தலைவலி, பின்னால் வரும் தாள்கள். ரத்தப் பரிசோதனை இன்று எடுக்கிறார்கள். முடிவு இரண்டு நாள் கழித்து வருகிறது. அந்தத் தாளை உடனே உரியவர் கோப்பில் சேர்க்க வேண்டும். ஒரு கூடையில் போட்டு விட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை டாக்டர் கோப்பைத் திறக்கும் போது சர்க்கரை அளவு அவர் கண்ணில் படாது. பரிசோதனை செய்தும் பயன் இல்லை. நோய் உள்ளே வளரும்.

கோப்புக்குள் தாள்கள் தேதி வரிசையில் இருக்கும். புதிய தாள் மேலே. பழைய தாள் கீழே. ஒவ்வொரு தாளிலும் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். ஒரு தாள் கழன்று விழுந்தாலும் அது யாருடையது என்று தெரிய வேண்டும் அல்லவா?

சிலர் தங்கள் கோப்பைத் தாங்களே வீட்டுக்குக் கொண்டு போய் விடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். ஆனால் வீடு மாறும் போது கோப்பு தொலைந்து போகும். அதனால் கோப்பு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நோயாளிக்கு நகல் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். இந்த "நகல்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் அருமை இனிமேல்தான் தெரியப் போகிறது.

1973 ஜூலை 12

அமெரிக்காவில் மிசூரி என்று ஒரு மாநிலம். அங்கே செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஓவர்லாண்ட் என்ற ஊரில் ஒரு பெரிய ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. பட்டாளத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகள் அங்கே குவிந்திருந்தன. பணி விவரங்களும் மருத்துவத் தாள்களும் அவற்றில் இருந்தன.

1973-ஆம் ஆண்டு ஜூலை 12. நள்ளிரவு தாண்டிய நேரம். ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. அந்த மாடியில் தானாகத் தண்ணீர் பொழிந்து தீயை அணைக்கும் குழாய்கள் இல்லை. காகிதத்துக்குப் பஞ்சமும் இல்லை. தீயை முழுவதும் அணைக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. தீ எப்படிப் பிடித்தது என்று கடைசி வரை உறுதியாகத் தெரியவில்லை.

எரிந்தவை எத்தனை? 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள். 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 100-க்கு 80 போய் விட்டன. இரண்டு உலகப் போர்களில் சண்டை போட்டவர்களும் அவர்களில் உண்டு.

விமானப் படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விலகியவர்களின் கோப்புகளும் எரிந்தன. அவை ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தன. ஹப்பார்ட் என்ற பெயருக்குப் பின்னால் வருகிற பெயர்களில் 100-க்கு 75 எரிந்தன. அதற்கு முன்னால் வருகிற பெயர்கள் தப்பின. ஒருவர் கோப்பு தப்பியதும் எரிந்ததும் அவர் பெயரின் முதல் எழுத்தைப் பொறுத்ததாக ஆயிற்று.

பெரிய இழப்பு எது தெரியுமா? அந்தக் கோப்புகளுக்கு நகல் இல்லை. படம் பிடித்தும் வைக்கவில்லை. இன்னின்ன கோப்புகள் இருந்தன என்ற முழுப் பட்டியல் கூட இல்லை. எது எரிந்தது என்று சொல்வதே கடினமாகி விட்டது.

ஈரக் காகிதத்தை மீட்டவர்கள்

தீ அணைந்தது. ஆனால் அணைக்க ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கி மற்ற மாடிக் கோப்புகளை நனைத்து விட்டது. ஜூலை மாதம் அங்கே வெயில் காலம். ஈரக் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். எனவே மருந்து தெளித்தார்கள். ஈரக் கோப்புகளைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். பக்கத்தில் ஒரு விமானக் கம்பெனியில் காற்றை உறிஞ்சி எடுக்கும் பெரிய அறை இருந்தது. விண்வெளிப் பயணச் சோதனைகளுக்காகக் கட்டிய அறை அது. அதில் வைத்துக் கோப்புகளை உலர்த்தினார்கள்.

இப்படிச் சுமார் 65 லட்சம் கோப்புகளை ஓரளவு மீட்டார்கள். சிலவற்றில் ஓரம் கருகியிருந்தது. சிலவற்றில் பாதித் தாள்தான் மிச்சம்.

எரிந்தே போனவர்களுக்கு என்ன வழி? வேறு இடங்களில் தேடினார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். படைப் பிரிவின் தினசரி வருகைத் தாளைப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பட்டாள ஆஸ்பத்திரியில் கட்டிலில் சேர்ந்தவர்களின் பட்டியலும் கிடைத்தது.

ஆனால் நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அது கட்டிலில் சேர்ந்தவர்களின் பட்டியல். காது வலி என்று வந்து, மருந்து வாங்கிப் போன ஓ.பி. நோயாளி அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஓ.பி. சீட்டு. அதுதான் எரிந்து விட்டதே!

அப்படிப்பட்டவர்களுக்கு யார் கை கொடுத்தார்கள்? வீட்டில் டிரங்குப் பெட்டியில் ஒரு நகல் வைத்திருந்தவர் பிழைத்தார். மனைவிக்கு எழுதிய பழைய கடிதத்தில் "காது வலி, டாக்டரைப் பார்த்தேன்" என்று இருந்தால் அதையும் காட்டலாம். கூட வேலை பார்த்த தோழர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் உதவியது. ஒன்றும் இல்லாதவர்கள் ஆண்டுக் கணக்கில் அலைந்தார்கள்.

1991-இல் அந்த நாட்டு நீதிமன்றம் ஒன்று தெளிவாகச் சொன்னது. அரசின் கையில் இருந்த காகிதம் தொலைந்தால், அந்த வீரரின் கோரிக்கையை அரசு அதிகக் கவனத்தோடு ஆராய வேண்டும். முடிவுக்கான காரணத்தையும் நன்றாக விளக்க வேண்டும். தொலைத்தது அவர் இல்லையே!

இன்று அங்கே காகிதக் கோப்பு முறை போய்க் கணினி முறை வந்து விட்டது. 2017-இல் தொடங்கி 2024-க்குள் பட்டாள மருத்துவ நிலையங்கள் எல்லாம் ஒரே கணினி முறைக்கு மாறின. ஆனாலும் கிழவர்களின் பழைய நோய்க்குப் பழைய காகிதமே இன்றும் சாட்சி.

நம் நாட்டில் ஒரு வழக்கு

இது எங்கேயோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் ஒரு காகிதம் ஒரு சிப்பாயின் வாழ்க்கையை மாற்றியது.

1985-இல் ஒருவர் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார். சேரும் போது டாக்டர்கள் அவரைச் சோதித்தார்கள். நோய் ஒன்றும் இருப்பதாக எழுதவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். பிறகு அவருக்கு வலிப்பு நோய் வந்தது. 100-க்கு 20 பங்கு ஊனம் என்று கணித்து அவரை அனுப்பி விட்டார்கள்.

அவர் ஊனப் பென்ஷன் கேட்டார். "இந்த நோய் பட்டாள வேலையால் வந்ததில்லை" என்று மருத்துவக் குழு எழுதியிருந்தது. பென்ஷன் மறுக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பிறகு உச்ச நீதிமன்றம் போனது.

2013 ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் அவர் சேர்ந்த நாளின் மருத்துவக் காகிதத்தைப் பார்த்தார்கள். அதில் நோய் எதுவும் எழுதப்படவில்லை. அப்படியானால் சேரும் போது அவர் நல்ல உடம்போடு இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் வேலையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. சிப்பாயின் பொறுப்பு இல்லை. அவருக்கு ஊனப் பென்ஷன் கொடுக்க வேண்டும். இதுதான் தீர்ப்பு.

அந்த வழக்கு 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி நடந்தது. 2023-இல் புதிய விதிகள் வந்தன. விதி மாறலாம். ஆனால் எந்த விதியாக இருந்தாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. காகிதத்தில் எழுதியிருப்பது பேசும். எழுதாமல் இருப்பதும் பேசும். ஆனால் காகிதமே இல்லை என்றால் எதுவும் பேசாது.

நம் நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதை இ.சி.எச்.எஸ். என்கிறார்கள். 2003 ஏப்ரல் 1-இல் அது தொடங்கியது. அதில் சேர்ந்தவர்களும் அவர்களை நம்பி வாழும் குடும்பத்தாரும் அதற்கான பாலிகிளினிக்கில் வைத்தியம் பார்க்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து வேறு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். கணவர் இறந்து விட்டால் அவருடைய பட்டாளக் காகிதங்களை எடுத்துக்கொண்டு மனைவிதான் அலுவலகம் போக வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரிந்தால் எது டிஸ்சார்ஜ் புத்தகம், எது மருத்துவக் குழுவின் தாள், எது பென்ஷன் உத்தரவு என்று அவரே பிரித்து எடுப்பார். அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு பை

பட்டாளத்தில் இல்லாதவர்களுக்கும் இந்தப் பேச்சில் வேலை இருக்கிறது. பதிவறையில் செய்ததை வீட்டிலும் செய்யலாம். பெரிய செலவு இல்லை.

ஒருவருக்கு ஒரு பை. பிளாஸ்டிக் பை போதும். தண்ணீர் படாது. கறையான் அரிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பையின் மேல் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் அதையும் சிவப்பு மையால் எழுதுங்கள்.

சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். புதியது மேலே. ரத்தப் பரிசோதனைத் தாள், எக்ஸ்ரே தாள் எல்லாம் அந்தந்தத் தேதிச் சீட்டோடு சேரட்டும்.

சீட்டில் பெயர், வயது, தேதி சரியாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே படித்துப் பாருங்கள். பெயர் தப்பாக இருந்தால் "ஐயா, இதைத் திருத்திக் கொடுங்கள்" என்று அங்கேயே கேளுங்கள். பிறகு திருத்துவது கடினம்.

முக்கியமான தாளுக்கு நகல் எடுங்கள். அலுவலகத்தில் நகலைக் கொடுங்கள். மூலத்தைப் பார்த்து விட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். யாரிடமாவது மூலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பையில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். என்ன தாள், யாரிடம், எந்தத் தேதி என்று அதில் எழுதுங்கள். பதிவறை அட்டையை மறந்து விடவில்லையே?

சில அச்சுத் தாள்களில் மை நாளாக நாளாக மங்கிப் போகும். அவற்றை முதலிலேயே நகல் எடுத்து விடுங்கள். செல்போனில் படம் எடுத்தும் வைக்கலாம். ஆனால் செல்போன் தொலைந்தால் படமும் போகும். ஆகவே பையும் இருக்கட்டும், படமும் இருக்கட்டும்.

இன்னொன்று. மற்றவர் நோய்ச் சீட்டைப் படித்து ஊரெல்லாம் சொல்லக் கூடாது. பதிவறை எழுத்தருக்கும் அதுதான் கட்டளை. படிக்கத் தெரிந்தவருக்குப் பொறுப்பும் கூட வருகிறது.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் கூரை இடுக்கில் கை விட்டுப் பாருங்கள். அலமாரி அடியில் பாருங்கள். கிடைக்கிற சீட்டுகளை எடுத்துத் தூசி தட்டுங்கள். தேதியைப் படியுங்கள். பெயரைப் படியுங்கள். ஆளுக்கு ஒரு பையில் போடுங்கள். வீட்டில் ஒரு பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு செய்தால் ஒரு மணி நேர வேலை.